தூசேன் வீட்டுக் கல்லறை

இராயபுரம்,
6 மார்ச் 2023

அன்புள்ள ஆலிஸ் அக்காவுக்கு,

உன் தம்பி வால்டர் எழுதுவது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? பிரான்சுக் குளிர் இந்த வருஷமாவது உன்னைக் கொஞ்சம் விட்டுவைத்ததா? எனக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடிதத்தைப் பார்த்ததும் யார் செத்தது என்று பதறாதே. உன் மகன் ஃப்ரெடி போன் போட்டுக் கொடுத்தால் உனக்குக் காது கேட்காமல் நீ தலையை ஆட்டுகிறாய். அவன் நடுவில் நின்று பிரெஞ்சில் கத்துகிறான். கடைசியில் மூன்று பேரும் கையாட்டிவிட்டு வைத்துவிடுகிறோம். இது அப்படிச் சொல்லக்கூடிய சங்கதி இல்லை.

நெல்சனுக்கு ரத்தத்தில் புற்று. தீபாவளி சமயத்தில் காய்ச்சல் என்று படுத்தவன், திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு வேலைக்குத் திரும்பிப் போகவேயில்லை. வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா நவ்ரீன் சின்னப் பெண்தான், ஆனால் மழுப்பாமல் பேசுகிறாள். இந்தக் கிறிஸ்துமஸ் வரை அவன் இருந்தால் அதுவே பெரிது என்றாள். அவனுக்கு முப்பத்து மூன்று வயது அக்கா.

அவன் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நைனா, என்னிய அம்மா கூட பொதச்சிடு. வேற எங்கியும் தனியா போட்டுடாத," என்றான்.

நம் குடும்பக் கல்லறை உனக்குத் தெரியும். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கடைசியாக என் ஜூடி. அந்த இடத்தில் புதுக் குழி கொடுப்பதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. பழைய குடும்பக் கல்லறை இருக்கிறவர்கள் மட்டும், கடைசியாகப் புதைத்துப் பதினாலு வருஷம் ஆனபின் திறக்கலாம். ஜூடிக்குப் போன மாதத்தோடு பதினாலு முடிந்தது. பூசை வைத்தேன்.

இடைஞ்சல் ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு கல்லறை மூத்த பிள்ளையான உன் பேரில் இருக்கிறது. எனக்கென்றால் கேள்வி இல்லை. நெல்சன் நாங்கள் வளர்த்த பிள்ளை. கோர்ட்டு மூலமாகத் தத்து எடுக்கவில்லை. அதனால் 'எனக்கு ஆட்சேபம் இல்லை' என்று நீ கையெழுத்துப் போட வேண்டும். கல்லறை ஆபீஸ் கிளார்க்கு அன்புமணி கொடுத்த ஃபாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாவது வரியில் உன் பேர், கீழே கையெழுத்து, அவ்வளவுதான். அசல் தாள்தான் வேண்டுமாம், போனில் போட்டோ எடுத்து அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

உன் ஜெபமாலையில் அவனுக்கும் ஒரு மணி உருட்டு.

உன் தம்பி,
வால்டர்

---

சார்செல், பிரான்சு
2 ஏப்ரல் 2023
குருத்து ஞாயிறு

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி வால்டருக்கு ஆலிஸ் அக்கா தோத்திரம் சொல்லி எழுதுவது.

சர்வேசுரன் புண்ணியத்தில் நானும் ஃப்ரெடி குடும்பமும் நலம். முட்டிக்கு ஊசி போட்டார்கள். வலி இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறியிருக்கிறது. இன்று காலை கோயிலில் குருத்தோலை கொடுத்தார்கள். நம் ஊர்போல் தென்னங்குருத்து இல்லை, ஏதோ ஒரு செடியின் கிளை. நாற்பத்தேழு வருஷம் ஆகியும் எனக்கு அது பிடிபடவில்லை.

நெல்சன் சங்கதி படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. அவனுக்காக ஒரு பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். மாதுளை கொடு, கீரை கொடு. டாக்டர்கள் சொல்வதெல்லாம் நடப்பதில்லை.

ஃப்ரெடியின் மகள் கரோலினுக்குச் சம்பந்தம் கூடி வருகிறது. பையன் வீடு புதுச்சேரியில் பழைய குடும்பம், என் வீட்டுக்காரர் அம்புரோஸ் வழியில் தூரத்து உறவும்கூட. ஃப்ரெடி நம் வம்சத்தை ஒரு பெரிய படமாக எழுதி, கண்ணாடி போட்டு, கூடத்தில் மாட்டியிருக்கிறான். உச்சியில் தாத்தா சொல்வாரே, அந்தக் கப்பல் கேப்டன் தூசேன். அவர் கீழே தாத்தா, அப்பா, நீ, நான். வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். மருந்தை நிறுத்தாதே.

அன்பு அக்கா,
ஆலிஸ்

---

இராயபுரம்,
24 ஏப்ரல் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் முட்டிக்கு நானும் வேண்டிக்கொள்கிறேன். கரோலினுக்கு என் ஆசீர்வாதம்.

உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். ஃபாரம் இல்லை. நீ மறந்திருப்பாய், வயசாகிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் வம்சப் படத்தைப் பற்றி அத்தனை வரி எழுத மறக்கவில்லையே நீ.

அந்தப் பேரை நாம் இங்கே எதற்குப் பயன்படுத்தினோம் சொல். கல்யாணப் பத்திரிகை, கோயில் ரிஜிஸ்தர், கல்லறைக் கல். இந்த மூன்று இடத்தில்தான் தூசேன் என்று முழுசாக எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நமக்கு டி என்று ஒரே எழுத்து இனிஷியல். துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் கிரேன் ஓட்டினேன், டி. வால்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். டி என்றால் என்ன என்று ஒருத்தன்கூடக் கேட்டதில்லை. தாமஸ் என்று நினைத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை.

கேட்டவள் ஜூடி ஒருத்திதான். கல்யாணமான புதிதில் இதற்கு அர்த்தம் என்ன என்றாள். கேப்டன் பேர் என்றேன். பேர் தெரியுது, அர்த்தம் என்ன என்றாள். எனக்குத் தெரியவில்லை.

நெல்சன் வந்த கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். வேலப்பன் என்னோடு சரக்கு இறக்கினவன், நெட்டுக்குப்பத்துக்காரன். அவன் பெண்டாட்டி பிரசவத்தில் போனாள். மூன்று வருஷம் கழித்து அவன் மஞ்சள் காமாலையில் போனான். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜூடி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தவள் கீழே இறக்கவில்லை. ஞானஸ்நானத்தின்போது சாமியார், குடும்பப் பேர் என்ன எழுதட்டும் என்று என்னைப் பார்த்தார். நான் ஒரு நொடி தயங்கினேன். ஜூடி என்னைப் பார்க்கவில்லை. "எங்க வூட்டுப் பேர்தான் சாமி, வேற எது?" என்றாள். அந்த ஒரு நொடிக்காக இன்றுவரை எனக்கு வெட்கம்.

இன்னொரு ஃபாரம் வாங்கி இந்த உறையில் வைத்திருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்பு.

நெல்சனுக்குப் பல் ஈறில் ரத்தம் கசிகிறது. கஞ்சிதான் இறங்குகிறது.

தம்பி,
வால்டர்

---

சார்செல்,
1 ஜூன் 2023

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி வால்டருக்கு,

நீயும் நெல்சனும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே வெயில் வந்துவிட்டது, ஆனாலும் நான் கம்பளி போட்டிருக்கிறேன். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்காருவேன், பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

பிள்ளை வளர்த்தது பெரிய புண்ணியம். ஜூடிக்கு மோட்சத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அது நம் ரத்தம் படுத்திருக்கிற இடம். தாத்தா கல்லில் முதல் வரியே அந்தப் பேர்தான். அந்தப் பேருக்காகத்தான் அம்புரோசின் அம்மா இராயபுரத்துப் பெண்ணை மருமகளாக ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் ஜாதி பார்க்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். கேப்டன் வம்சம் என்றதும் வாயடைத்துப்போனார்கள். இந்த ஊரிலும் புருஷன் பேர் சேர்ந்தாலும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பேர்தான் காகிதத்தில் முதலில் நிற்கும். ஆஸ்பத்திரியிலும் நகரசபையிலும் என்னை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அது ஒன்றுதான் நான் இங்கே கொண்டுவந்த சீதனம்.

கரோலின் கல்யாணம் முடிவானால் அந்த வீட்டார் இராயபுரம் வந்து கல்லறையில் மாலை போடுவார்கள். அங்கே நெல்சன் பேர் இருந்தால் இது யார் என்று கேட்பார்கள். வேலப்பன் மகன் என்று உன் தெருவே சொல்லும்.

புதுக் கல்லறைத் தோட்டங்கள் இப்போது சுத்தமாக இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். அங்கே நல்ல கல்லாக வை. என்னைத் தப்பாக நினைக்காதே.

அக்கா,
ஆலிஸ்

---

இராயபுரம்,
20 ஜூன் 2023

அக்காவுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். நெல்சன் உள்ளே படுத்திருந்தான். "அத்த இன்னா எழுதிக்கீது நைனா?" என்று கேட்டான். ஃபாரத்தை ஃப்ரெடி பார்த்துக்கொண்டிருக்கிறான், வரும் என்று சொன்னேன். பெற்ற பிள்ளையிடம் சொல்லக்கூடாத பொய்யை வளர்த்த பிள்ளையிடம் சொல்லவைத்துவிட்டாய்.

அவன் முட்டாள் இல்லை. உறை கனக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டான். மறுநாள் அவனே அன்புமணிக்குப் போன் போட்டிருக்கிறான். தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றும், என்னுடையதும், நெல்சனுடையதும் மூன்றிலும் ஒரே குடும்பப் பேராக இருந்தால், அதை வைத்து மேலே கேட்டுப் பார்க்கலாம் என்று அன்புமணி சொன்னாராம். உறுதி இல்லை. கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

தாத்தா ஞானஸ்நானம் பெற்றது புதுச்சேரியில் ஒரு கன்னியர் மடத்துக் கோயிலில். இந்தச் சனிக்கிழமை போகிறோம். அவனை வீட்டிலேயே இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை. "என் குழிக்கு நான் அலையாம வேற யாரு அலைவாங்க?" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இடையில் நீ மனசு மாறினால் நல்லது.

வால்டர்

---

இராயபுரம்,
15 ஜூலை 2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

போனோம். மடத்தில் பழைய ரிஜிஸ்தரைப் படிக்கத் தெரிந்தவர் வினிதா சிஸ்டர் என்ற ஒருவர்தான். நெல்சனைப் பார்த்ததும் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். தடித்தடியான புத்தகங்கள், ஓரமெல்லாம் பூச்சி அரித்தவை. இரண்டு மணி நேரம் தேடினார். கிடைத்ததும் பிரெஞ்சிலேயே ஒரு தரம் மனசுக்குள் படித்தார். பிறகு தமிழில் சொன்னார். நான் எழுதிக்கொண்டு வந்தேன்.

"1898 நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாள். காலைப் பூசைக்கு முன் மடத்து வாசலில் கண்டெடுத்த ஆண் குழந்தை. வயது சுமார் இருபது நாள். தாய் தகப்பன் தெரியவில்லை. ஞானஸ்நானப் பேர் சவேரியார். திருநாளின் பேரே குடும்பப் பேராக வைக்கப்பட்டது."

தூசேன் என்றால் பிரெஞ்சில் சகல புனிதர் திருநாள் என்று அர்த்தமாம். அந்தக் காலத்தில் பெற்றவர் தெரியாத பிள்ளைகளுக்கு, கிடைத்த நாளின் பேரைக் குடும்பப் பேராக எழுதிவிடுவது வழக்கமாம். நல்ல குடும்பங்களுக்கும் இந்தப் பேர் உண்டு, ஆனால் உங்கள் தாத்தாவுக்கு வந்தது இப்படித்தான் என்றார் சிஸ்டர். கேப்டனும் இல்லை, கப்பலும் இல்லை. இராயபுரம் வந்து, கல்யாணம் பண்ணி, பிள்ளைகள் கேட்டபோது மனுஷன் ஒரு கேப்டனைச் சொல்லியிருக்கிறார். வேறு என்ன சொல்வார்? எனக்குத் தாத்தாமேல் கோபமே வரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது நெல்சன் வெகுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். மரக்காணம் தாண்டின பிறகு என் கையைப் பிடித்தான். "தாத்தாவும் என்னிய மாரிதான் நைனா. யாரோ தூக்கினாங்க, யாரோ பேர் வெச்சாங்க," என்றான். பிறகு ஊர் வரும்வரை என் தோளில் தூங்கினான். இத்தனை மாதத்தில் அவன் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

அன்புமணி காகிதங்களை மேலே அனுப்பினார். திரும்பி வந்துவிட்டன. பேர் ஒன்றாக இருப்பது போதாதாம். கல்லறை யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்துத்தான் வேண்டுமாம். ஆகவே திரும்ப உன்னிடம்தான் வந்து நிற்கிறேன்.

இன்னொன்று. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு இருந்தது. இந்தப் பதிவின் நகல் 1976-ல் ஒரு முறை கொடுக்கப்பட்டதாம். யாருக்கு என்று சிஸ்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தம்பி,
வால்டர்

---

இராயபுரம்,
20 ஆகஸ்டு 2023

அக்கா,

நெல்சனை ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்து நாளாகிறது. அவனோடு யார்டில் வேலை பார்த்த ரவிக்குமார்தான் ராத்திரி பகல் பார்க்காமல் கூட இருக்கிறான். டாக்டரம்மா இப்போது கிறிஸ்துமஸைப் பற்றிப் பேசுவதில்லை.

எனக்கு விளக்கம் எதுவும் வேண்டாம். யார் எப்போது எதைப் படித்தார்கள், எதை மறைத்தார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. சத்தியமாகக் கேட்க மாட்டேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு. ஃபாரம் இல்லாவிட்டால் வெள்ளைத்தாளில் எழுதிப் போடு, போதுமாம்.

அவன் தினமும் தபால்காரன் வந்தானா என்று கேட்கிறான்.

வால்டர்

---

சார்செல்,
9 செப்டம்பர் 2023

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி வால்டருக்கு,

இந்தக் கடிதம் உன் கையில் சேரும்போது நெல்சன் எழுந்து உட்காரும் அளவுக்காவது தேறியிருக்க மாதாவை வேண்டுகிறேன். எனக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது.

ஃபாரம் கையெழுத்தோடு உள்ளே இருக்கிறது. முதலில் அதை எடுத்து வைத்துவிட்டு மீதியைப் படி.

1976-ல் நகல் வாங்கினது நான்தான். கல்யாணக் காகிதங்களுக்குத் தாத்தாவின் சான்றும் வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு அப்போது காய்ச்சல், நானே போனேன். வயசான ஒரு வெள்ளைக்காரச் சிஸ்டர் படித்துச் சொல்லிவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. அந்தத் தாளைப் பஸ் ஸ்டாண்டிலேயே கிழித்துப் போட்டேன். தாத்தா தாள் பூச்சி அரித்துவிட்டதாம் என்று சொல்லி, அப்பாவின் இராயபுரத்துச் சான்றைக் கொடுத்தேன். யாரும் தோண்டவில்லை. அம்புரோசுக்குச் சாகும்வரை தெரியாது.

இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் அக்டோபர் கடைசியில் கடைவாசலெல்லாம் சாமந்தித் தொட்டிகள். எங்கே பார்த்தாலும் நம் பேர் எழுதியிருந்தது. எனக்கு மயக்கம் வந்துவிட்டது. கல்லறைக்குப் பூ வைக்கிற திருநாள் விற்பனை என்று அம்புரோஸ் சிரித்தார். உன் பேரில் எத்தனை பெரிய திருநாள் என்றார். ரொட்டிக்கடைக்காரன் ஒருவனுக்கும் அதே பேர் இருந்தது. அவனைப் பார்த்துத்தான் நான் தைரியம் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் ஒவ்வொரு நவம்பரும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டே நாற்பத்தேழு வருஷம் இருந்திருக்கிறேன்.

நெல்சனை வேண்டாம் என்றது ரத்தத்துக்காக இல்லை வால்டர். அவனுக்காகக் கல்லறையைத் திறந்தால் காகிதங்களையும் திறப்பார்கள் என்ற பயம். அதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டு ரத்தம் ஜாதி என்று எழுதினேன். எழுதினதைப் படித்துப் பார்த்தால் என் மாமியார் பேசுவதுபோலவே இருக்கிறது.

ஜூலைக் கடிதம் கிடைத்ததும் நாலு தரம் பதில் எழுதிக் கிழித்தேன். கரோலின் நிச்சயதார்த்தம் ஆகஸ்டு கடைசியில். அது முடியட்டும், முடியட்டும் என்று இருந்துவிட்டேன். முடிந்துவிட்டது.

ஒரே ஒரு வேண்டுகோள். நீ எழுதிக்கொண்டு வந்த தாளை யாரிடமும் காட்டாதே. முடிந்தால் கிழித்துவிடு.

நெல்சனிடம் அத்தை முத்தம் கொடுத்ததாகச் சொல்.

ஆலிஸ்

---

இராயபுரம்,
28 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ரத்த அழுத்த மாத்திரையை ஒரு வேளையும் விடாதே.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கையெழுத்தும் இருந்தது.

நெல்சன் இறந்துவிட்டான். கடைசியில் அதிகம் கஷ்டப்படவில்லை. நானும் ரவிக்குமாரும் பக்கத்தில் இருந்தோம். அடக்கத்துக்கு யார்டு ஆட்கள் அத்தனை பேரும் வந்தார்கள். நெட்டுக்குப்பத்திலிருந்து வேலப்பன் தங்கை பச்சையம்மாவும் வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போனாள்.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நடந்ததை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. தாளைக் கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை.

தம்பி,
வால்டர்

---

சார்செல்,
18 அக்டோபர் 2023

சேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி வால்டருக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சாப்பிடுகிறாயா? தனியாகச் சமைத்துக்கொள்கிறாயா?

நான் ஃப்ரெடியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காது கேட்காதவள் சத்தமாகத்தானே பேசுவேன், கரோலினும் அடுத்த அறையிலிருந்து கேட்டுவிட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஃப்ரெடி ஒரு தாளில் எழுதிக் காட்டினான்: "இதற்காகவா அம்மா இத்தனை வருஷம்?" சம்பந்தி வீட்டுக்கும் அவனே போன் செய்து சொன்னான். அவர்கள் கரோலினின் படிப்பைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்களாம். நான் பயந்தது எதுவுமே நடக்கவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

படத்தை ஃப்ரெடி திருத்துகிறான். கேப்டனை எடுத்துவிட்டான். உன் பேருக்கும் ஜூடி பேருக்கும் கீழே நெல்சனை எழுதியிருக்கிறான்.

அவன் எந்தத் தேதியில் இறந்தான் என்று நீ எழுதவில்லை. பூசைக்குக் கொடுக்க வேண்டும். என் கடிதம் அவன் இருக்கும்போதே வந்ததா, அதைப் படித்துக் காட்டினாயா என்றும் எழுது.

கல்லறைத் திருநாள் வருகிறது. கல்லில் ஜூடிக்குக் கீழே நெல்சன் பேர் பொறித்திருப்பாய். அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நான் சாவதற்குள் அதைப் பார்க்க வேண்டும்.

உன் அக்கா,
ஆலிஸ்

---

இராயபுரம்,
5 நவம்பர் 2023

அன்புள்ள ஆலிஸ் அக்காவுக்கு,

நான் சாப்பிடுகிறேன். கீழ்வீட்டில் குழம்பு கொடுத்துவிடுகிறார்கள். உன் முட்டியும் ரத்த அழுத்தமும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். ஃப்ரெடி நல்ல பிள்ளை. அவனை நன்றாக வளர்த்திருக்கிறாய்.

நீ கேட்ட போட்டோ என்னிடம் இல்லை. அந்தக் கல்லில் நெல்சன் பேர் இல்லை. அவன் அங்கே இல்லை அக்கா.

போன கடிதத்தில் தேதி போடாமல் விட்டது மறதி இல்லை. உனக்குத் தெரியாமலே போகட்டும் என்று பார்த்தேன். நீ கல்லின் படம் கேட்ட பிறகு எனக்கு வேறு பொய் தெரியவில்லை.

அவன் செப்டம்பர் பதினொன்றாம் தேதி மத்தியானம் போனான். உன் கடிதம் இருபத்தைந்தாம் தேதி வந்தது. பன்னிரண்டாம் தேதி பெட்டியோடு வண்டியைக் கல்லறை வாசலில் இரண்டு மணி நேரம் நிறுத்தினேன். நான் கத்தினேன், கும்பிட்டேன், அன்புமணி காலில்கூட விழப்போனேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, மேலே இருப்பவர்களுக்கு ஐந்தாறு தரம் போன் செய்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "கையெழுத்து மட்டும் இருந்திருந்தா நானே கடப்பாரை எடுத்திருப்பேன் சார்," என்றார். வெயில் ஏறிக்கொண்டே போனது. ரவிக்குமார்தான், "போலாம் நைனா, அவன் வெயில்ல கீறான்," என்று வண்டியை எடுக்கச் சொன்னான்.

மாதவரம் தாண்டி ஒரு புதுத் தோட்டத்தில் புதைத்தோம். மரம் மட்டை எதுவும் இல்லை. ஒரு பக்கம் யாரென்று தெரியாதவர்கள், மறுபக்கம் வெறும் மண். தனியாகப் போட்டுவிடாதே என்று அவன் கேட்டது ஒன்றுதான், அதை என்னால் செய்ய முடியவில்லை.

பதினாலு வருஷம் கழித்து எடுத்து மாற்றலாம் என்கிறார் அன்புமணி. அப்போது எனக்கு எண்பத்தொன்று ஆகும். நடக்கிற காரியமா?

இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று ஜூடியிடம் போனேன். வழக்கம்போலக் கல்லைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் உன்னிடம் வரப்போவதில்லை, பிள்ளையிடம் போகிறேன் என்று சொன்னேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் அவளோடு வாழ்ந்தவன் அக்கா, சொல்லிவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். அங்கிருந்து ரவிக்குமார் வண்டியில் நெல்சனிடம் போனோம்.

அவன் பக்கத்து இடத்தை என் பேருக்கு எழுதிவைத்துவிட்டேன். அவன் சிலுவையில் நெல்சன் தூசேன் என்று முழுப்பேரும் இருக்கிறது. அந்தத் தோட்டத்தில் யாரும் அதைப் பார்த்துக் கேள்வி கேட்கவில்லை.

இராயபுரத்துக் கல்லறையில் இப்போது ஒரு ஆள் இடம் காலியாக இருக்கிறது. அது உனக்கு வேண்டியிருக்கலாம். எனக்குப் பாத்தியதை வேண்டாம், நீ வருவதில் ஆட்சேபமும் இல்லை என்று எழுதி ஆபீஸில் ஒன்று கொடுத்துவிட்டேன், அசல் ஒன்று இந்த உறையில் இருக்கிறது. அன்புமணி மேசையிலேயே நின்றபடி போட்டேன். கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

உன் தம்பி,
வால்டர்